10, 15, 150: தோட்டத் தமிழ்ப்பள்ளிகளும் எண்ணிக்கை என்னும் அளவுகோலும்

முன்னுரை

மலேசியத் தமிழ்ப்பள்ளிகளைப் பற்றி எழுதப்பட்டவை மிகப் பல. சட்டங்கள், கல்விக் குழு அறிக்கைகள், பல்கலைக்கழக ஆய்வுகள், நாளிதழ்க் கட்டுரைகள், மாநாட்டுத் தீர்மானங்கள், பள்ளி விழா மலர்கள் என அவை பலவகைப்படும். நோக்கத்தாலும் நடையாலும் வேறுபட்ட இவ்வெழுத்துகள் ஒன்றில் மட்டும் ஒத்துப்போகின்றன. தோட்டப்புறத்துச் சிறு பள்ளியைப் பற்றிப் பேசும்போது இவை அனைத்தும் எண்ணிக்கையையே முதன்மைச் சான்றாகக் கொள்கின்றன. அரசு மாணவரை எண்ணுகிறது. சமுதாயம் பள்ளிகளை எண்ணுகிறது. ஆய்வாளர் தேர்ச்சி விழுக்காட்டை எண்ணுகின்றனர். ஆறு பிள்ளைகள் அமர்ந்திருக்கும் ஒரு வகுப்பறையில் நாள்தோறும் என்ன கற்பிக்கப்படுகிறது, எவ்வாறு கற்பிக்கப்படுகிறது என்னும் வினா இவற்றுள் அரிதாகவே எழுப்பப்படுகிறது.

இக்கட்டுரை அவ்வெழுத்துகளைத் திறனாய்வு நோக்கில் அணுகுகின்றது. தோட்டப்பள்ளியின் வரலாற்றில் மூன்று எண்கள் தீர்ப்பு வழங்கும் இடத்தில் இருந்துள்ளன: பத்து, பதினைந்து, நூற்று ஐம்பது. இவை எங்கிருந்து வந்தன, எதனை அளந்தன, எதனை அளக்கத் தவறின என்பதை ஆராய்ந்து, மாணவர் எண்ணிக்கைக் குறைவும் கல்வித் தரமும் வெவ்வேறு சிக்கல்கள் என்பதையும், அவற்றை ஒன்றாகக் குழப்பியதால் இரண்டுமே தீர்க்கப்படாமல் நிற்கின்றன என்பதையும் நிறுவுவதே இதன் நோக்கமாகும்.

பத்துப் பிள்ளைகள்: பள்ளியைத் தோற்றுவித்த எண்

இந்நாட்டில் தமிழ்க்கல்வியின் தொடக்கம் 1816ஆம் ஆண்டில் பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் நடைபெற்ற தமிழ் வகுப்போடு இணைத்துச் சொல்லப்படுகின்றது. 2016ஆம் ஆண்டில் இருநூறாம் ஆண்டு நிறைவு கொண்டாடப்பட்டதும் இக்கணக்கின்படியே ஆகும். ஆயினும், நாடு முழுவதும் தமிழ்ப்பள்ளிகள் பரவியதற்குக் காரணம் நகரத்து வகுப்புகள் அல்ல, இரப்பர்த் தோட்டங்களே. ஐக்கிய மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயதுக்குட்பட்ட, ஓரினத்தைச் சேர்ந்த பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ வாழும் தோட்டத்தில் நிருவாகம் பள்ளி அமைத்துத் தரவேண்டும் என விதித்தது.

இவ்விதி பெரும்பாலான நூல்களில் நன்றியோடு நினைவுகூரப்படுகின்றது. நன்றிக்குரியதே எனினும், அது இடம்பெற்ற சட்டம் கல்விச் சட்டமன்று, தொழிலாளர் சட்டம் என்பது கருதத்தக்கது. குடியிருப்பு, மருத்துவம், குடிநீர் ஆகியவற்றோடு பள்ளியும் தொழிலாளரைத் தோட்டத்தில் நிலைநிறுத்தும் ஏற்பாடுகளுள் ஒன்றாகவே வைக்கப்பட்டது. எனவே பத்து என்னும் எண், கொட்டகை ஒன்று எழுப்பப்பட வேண்டுமா என்பதைத் தீர்மானித்தது. அக்கொட்டகைக்குள் யார் கற்பிப்பார், எத்தனை ஆண்டு கற்பிப்பார் என்பதைத் தீர்மானிக்கவில்லை. பல தோட்டங்களில் கிராணியோ கங்காணியோ எழுத்தறிந்த தொழிலாளியோ ஆசிரியராக இருந்தனர். பால்வெட்டுக்கும் களையெடுப்புக்கும் இடையே கிடைத்த நேரமே பள்ளி நேரமாயிற்று.

இங்கு ஓர் அடிப்படை இயல்பு புலனாகின்றது. தோட்டப்பள்ளி தொடக்கம் முதலே சிறுபள்ளி. பத்துப் பிள்ளைகளுக்கென்று உருவாக்கப்பட்ட ஒன்றை, பின்னாளில் பத்துப் பிள்ளைகளே உள்ளனர் என்று குறைகூறுவது வரலாற்று முரணாகும். சிறுமை அதன் நோயன்று; பிறப்பிலேயே அமைந்த வடிவம். அவ்வடிவத்திற்கேற்ற கற்பித்தல் முறை ஒன்றினை நூறாண்டுகளாக உருவாக்காமல் விட்டதே குறையாகும்.

அறிக்கைகளின் மொழி

இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த கல்வி அறிக்கைகள் தமிழ்ப்பள்ளியை மொழிச் சிக்கலாகவே நோக்கின. 1951ஆம் ஆண்டுப் பார்ன்ஸ் அறிக்கை, தாய்மொழிப் பள்ளிகளுக்கு மாற்றாக மலாயும் ஆங்கிலமும் பயிற்றுமொழியாகும் தேசியப் பள்ளிகளை முன்மொழிந்தது. 1956ஆம் ஆண்டு ரசாக் அறிக்கை தாய்மொழித் தொடக்கப்பள்ளிகளைத் தேசியக் கல்வி முறைக்குள் ஏற்றுக்கொண்டது. 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 21(2)ஆம் பிரிவு, தேசிய வகைத் தொடக்கப்பள்ளியைத் தேசியப் பள்ளியாக மாற்றும் அதிகாரத்தை அமைச்சருக்கு வழங்கியது. 1996ஆம் ஆண்டுச் சட்டத்தில் அப்பிரிவு இடம்பெறவில்லை.

இந்த வரலாற்றை நம் கட்டுரையாளர்கள் மீண்டும் மீண்டும் எழுதியுள்ளனர். தமிழ்ப்பள்ளி நிலைக்குமா, நிலைக்காதா என்பதே அவ்வெழுத்துகளின் மைய வினா. அவ்வினா எழுந்த காலத்தில் அது நியாயமான அச்சத்தின் வெளிப்பாடே. ஆனால் இன்று அவ்வினாவின் சட்டப்பகுதிக்குப் பெரும்பாலும் விடை கிடைத்துவிட்டது. தாய்மொழிப் பள்ளிகள் அரசமைப்புச் சட்டத்திற்கு முரணானவை எனத் தொடுக்கப்பட்ட வழக்கைக் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் 2021ஆம் ஆண்டில் தள்ளுபடி செய்தது. முறையீட்டு நீதிமன்றம் 2023இல் அத்தீர்ப்பை நிலைநிறுத்தியது. 2024இல் கூட்டரசு நீதிமன்றம் மேல்முறையீட்டுக்கு அனுமதி மறுத்தது.

ஆகவே, சட்டத்தின் கையால் தமிழ்ப்பள்ளி மூடப்படும் என்னும் அச்சம் முன்னைப்போல் வலுவுடையதன்று. பள்ளிகளோ தொடர்ந்து சுருங்குகின்றன. நாடு விடுதலை பெற்ற 1957இல் 888ஆக இருந்ததாகக் குறிக்கப்படும் தமிழ்ப்பள்ளிகள் இன்று 530ஐ எட்டவில்லை. அவற்றுள்ளும் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, 150க்கும் குறைவான மாணவரைக் கொண்டவை. உரிமைப் போராட்டத்திற்கென உருவான சொற்களைக் கொண்டு இந்நிலையை விளக்க இயலாது.

நூற்று ஐம்பது: ஒரு வகைப்பாட்டின் குறைபாடு

கல்வி அமைச்சின் வழக்கில், 150க்கும் குறைவான மாணவரைக் கொண்டது குறைந்த மாணவர் பள்ளி எனப்படுகின்றது. நிருவாக வசதிக்கு இவ்வெல்லை உதவக்கூடும். ஆனால், பகுத்தறியும் கருவியாக இது பயன்படுவதில்லை. 140 மாணவரைக் கொண்ட பள்ளியில் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஏறத்தாழ 23 பிள்ளைகள் இருப்பர்; அஃது இயல்பான வகுப்பு. 12 மாணவரைக் கொண்ட பள்ளியில் ஆண்டுக்கு இருவர். சில ஆண்டுகளில் ஒருவருமே இரார். இவ்விரண்டையும் ஒரே பெயரால் சுட்டும் ஒரு வகைப்பாடு இரண்டைப் பற்றியும் எதனையும் தெரிவிப்பதில்லை.

மேலும், இவ்வகைப்பாட்டிற்குள் தமிழ்ப்பள்ளிகள் மட்டுமல்லாமல் சீனப்பள்ளிகளும், மலாய்க் கிராமங்களிலும் உட்பகுதிகளிலும் உள்ள தேசியப் பள்ளிகளும் பெருமளவில் அடங்குகின்றன. இளையோர் நகருக்குப் பெயர்ந்த ஊர்களில் பள்ளி சுருங்குவது இந்நாட்டின் பொதுவான நிகழ்வாகும். நம்மவர் எழுத்துகள் இதனைக் கவனிப்பதே இல்லை. தமிழ்ப்பள்ளி சுருங்குவதற்குத் தமிழரின் பற்றின்மையே காரணம் என்று ஒரு சாரார் எழுதுகின்றனர். அரசின் புறக்கணிப்பே காரணம் என்று மறு சாரார் எழுதுகின்றனர். ஊர் வெறுமையாகும்போது பள்ளியும் வெறுமையாகும் என்னும் எளிய உண்மை இருவர் எழுத்திலும் பின்தள்ளப்படுகின்றது.

அவ்வெறுமை எவ்வாறு நேர்ந்தது என்பதும் அறிந்த செய்தியே. 1950களில் தொடங்கிய தோட்டத் துண்டாடல், இரப்பருக்கு மாற்றாகச் செம்பனை பயிரிடப்பட்டமை, தோட்ட நிலங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியமை, உள்நாட்டுத் தொழிலாளருக்கு மாற்றாக வெளிநாட்டுத் தொழிலாளர் வந்தமை ஆகியன லயங்களைக் காலி செய்தன. துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் துண்டாடலைத் தடுக்க எழுந்த முயற்சியாகும். 1970இல் தீபகற்ப மலேசிய இந்தியருள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே நகரங்களில் வாழ்ந்தனர். 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஐந்தில் நான்கு பங்கினர் நகரத்தார் ஆயினர். ஒரு தலைமுறைக்குள் நிகழ்ந்த இப்பெயர்ச்சிக்கு ஈடுகொடுத்துப் பள்ளிகள் பெயரவில்லை.

ஆய்வுலகின் பார்வை

கல்வியாளர் தி. மாரிமுத்து எழுதி, சந்து, மணி ஆகியோர் பதிப்பித்த தென்கிழக்காசிய இந்தியச் சமுதாயங்கள் பற்றிய தொகுப்பில் 1993இல் வெளிவந்த கட்டுரை, தோட்டப்பள்ளியைச் சமூக மறுஉற்பத்தியின் கருவியாகக் காண்கிறது. தலைப்பே அக்கருத்தைத் தாங்கி நிற்கின்றது. தோட்டத் தொழிலாளியின் பிள்ளையை மீண்டும் தோட்டத் தொழிலாளியாகவே ஆக்கும் ஏற்பாட்டில் பள்ளிக்கும் பங்குண்டு என்பது அதன் சாரம்.

இப்பார்வையின் பெறுமதி மறுக்கத்தக்கதன்று. தோட்டப் பிள்ளையின் பின்னடைவை அப்பிள்ளையின் அறிவுக் குறைவாகவோ பெற்றோரின் அக்கறையின்மையாகவோ காணும் எளிய விளக்கத்தினின்று ஆய்வுலகை இது விடுவித்தது. வறுமை, கூலிமுறை, தனிமைப்பட்ட வாழ்விடம் ஆகியவற்றோடு பள்ளியை இணைத்துக் காணும் வழியைத் திறந்தது.

ஆயினும், பின்வந்த பலர் இப்பார்வையை அது எழுந்த சூழலினின்று பிரித்து, என்றைக்கும் பொருந்தும் முடிவாக எடுத்தாண்டு வருகின்றனர். பள்ளி தொழிலாளரை மறுஉற்பத்தி செய்கின்றது என்பதற்கு, அத்தொழிலாளரை வேண்டி நிற்கும் தோட்டம் ஒன்று இருத்தல் வேண்டும். இன்று செம்பனைத் தோட்டங்களில் பணிபுரிவோருள் பெரும்பான்மையினர் வெளிநாட்டவர். தோட்டப்பள்ளியில் பயிலும் பிள்ளை தோட்டத்திற்கெனத் தயார் செய்யப்படுவதில்லை. அவனுக்குத் தோட்டத்தில் இடமும் இல்லை. தன்னை உருவாக்கிய பொருளியல் அமைப்பு மறைந்த பின்னும் எஞ்சி நிற்கும் நிறுவனம் என்றே இன்றைய தோட்டப்பள்ளியைக் கொள்ளுதல் வேண்டும். ஏழு மாணவர் பயிலும் பள்ளியை விளக்க மறுஉற்பத்திக் கோட்பாடு போதாது. அதற்குக் குடிப்பெயர்ச்சி, மக்கள்தொகை, வகுப்பறைக் கற்பித்தல் ஆகிய மூன்றையும் ஒருங்கே நோக்கும் ஆய்வு தேவை.

விழா மலர்களின் கணக்கு

சமுதாயம் தன் பள்ளியைப் பற்றித் தானே எழுதிய எழுத்துகளுள் பள்ளி விழா மலர்கள் முதன்மையானவை. வாழ்த்துரைகள், முன்னாள் தலைமையாசிரியர் வரிசை, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் அறிக்கை, கட்டட நிதிக் கணக்கு, தேர்வு முடிவுகள் என்பது அவற்றின் பொது அமைப்பு. அதிகார ஆவணங்களில் இடம்பெறாத தோட்ட மக்களின் பெயர்களை அச்சிலேற்றிப் பாதுகாத்த வகையில் இம்மலர்கள் போற்றத்தக்க வரலாற்றுச் சான்றுகள்.

எனினும், தரம் பற்றிப் பேசும் இடத்தில் இவை தடுமாறுகின்றன. 1988 முதல் நடைபெற்ற யு.பி.எஸ்.ஆர். தேர்வின் தேர்ச்சி விழுக்காடே இவற்றில் தரத்தின் ஒரே அடையாளம். எட்டு மாணவர் தேர்வெழுதும் பள்ளியில் ஒரு மாணவரின் மதிப்பு 12.5 விழுக்காடு. நால்வர் எழுதினால் ஒருவரின் மதிப்பு 25 விழுக்காடு. ஓராண்டு நூறு விழுக்காடு என்று பாராட்டுப் பெறும் பள்ளி, மறு ஆண்டு எழுபத்தைந்து விழுக்காடு என்று கண்டிக்கப்படுகின்றது. ஆசிரியரும் அவரே, கற்பித்தலும் அதுவே, ஒரு பிள்ளை மட்டுமே வேறு. இத்துணைச் சிறிய எண்ணிக்கையில் விழுக்காடு கணக்கிடுவது பள்ளியை அளப்பதாகாது, தற்செயலை அளப்பதாகும். ஆயினும் அவ்விழுக்காட்டைக் கொண்டே பள்ளிகள் தரவரிசைப்படுத்தப்பட்டன. பெற்றோரும் அதனை நம்பியே பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றினர். 2021இல் அத்தேர்வு அகற்றப்பட்டபோது பலர் வருந்தினர். சிறுபள்ளிகளைப் பொறுத்தவரையில், பொய்யான அளவுகோல் ஒன்று நீங்கியது என்றே கொள்ளலாம். அதன் இடத்தில் எதனை வைப்பது என்னும் வினாவுக்குத்தான் இன்னும் தெளிவான விடையில்லை.

விழா மலர்களிலும் மாநாட்டுத் தீர்மானங்களிலும் காணப்படும் இன்னொரு கணக்கு, பள்ளிகளின் மொத்த எண்ணிக்கை. ஒரு பள்ளிகூடக் குறையக்கூடாது என்னும் உறுதி அவற்றில் ஒலிக்கின்றது. இவ்வுறுதியின் பயனாகவே தோட்டத்தில் மூடவேண்டிய பள்ளியின் உரிமத்தை வேறிடத்திற்கு மாற்றும் வழி வலுப்பெற்றது. எஃபிங்காம், சீபோர்ட் ஆகிய தோட்டங்களின் பெயர்களைத் தாங்கிய தமிழ்ப்பள்ளிகள் இன்று பெட்டாலிங் ஜெயா நகர்ப் பகுதியில் இயங்குகின்றன. தோட்டம் மறைந்தது, பெயரும் பள்ளியும் நின்றன. தமிழர் குடியேறிய இடத்திற்குத் தமிழ்ப்பள்ளியும் சென்றது என்ற வகையில் இது சிறந்த தீர்வேயாகும்.

ஆனால், இத்தீர்வு பெரும்பாலும் காலந்தாழ்ந்தே கையாளப்படுகின்றது. பள்ளியில் ஐந்தாறு பிள்ளைகள் எஞ்சிய பின்னரே உரிமத்தை மாற்றும் பேச்சு எழுகின்றது. தமிழ்ப்பள்ளிகளுள் பெரும்பாலானவை பகுதி உதவி பெறும் பள்ளிகள். அவை நிற்கும் நிலம் தனியாருக்கோ தோட்ட நிறுவனத்திற்கோ உரியது. புதிய நிலம், கட்டட நிதி, ஊரார் இசைவு ஆகியவற்றுக்குக் காத்திருக்கும் ஆண்டுகளில், நகருக்குப் பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் அருகிலுள்ள பிற பள்ளிகளில் சேர்ந்துவிடுகின்றனர். பள்ளிகளின் எண்ணிக்கை காக்கப்படுகின்றது. ஒரு தலைமுறை மாணவர் கைநழுவுகின்றனர். பள்ளியை எண்ணுவோர் இவ்விழப்பை எண்ணுவதில்லை.

இருவகைக் குறைவு

மாணவர் குறைவு எங்கும் ஒரே காரணத்தால் நேர்வதன்று என்பதை அண்டை நாட்டின் அனுபவம் விளக்கும். சிங்கப்பூரில் கடைசியாக எஞ்சிய உமறுப்புலவர் தமிழ்ப்பள்ளி 1982இல் மூடப்பட்டது. அங்குத் தமிழர் ஊரைவிட்டுப் பெயர்ந்ததால் பள்ளி வெறுமையாகவில்லை. பெற்றோர் ஆங்கிலவழிப் பள்ளியைத் தெரிந்தெடுத்தமையே காரணம். அங்குத் தமிழ் பயிற்றுமொழியாக இல்லாமல் பாடமொழியாகத் தொடர்கின்றது.

மலேசியத் தோட்டப்பள்ளியின் குறைவு தெரிவினால் மட்டும் நேர்ந்ததன்று. தமிழ்ப்பள்ளியையே விரும்பும் பெற்றோர் அத்தோட்டத்தில் இல்லாமற்போனதே முதற்காரணம். இதனோடு, அண்மை ஆண்டுகளில் மலேசிய இந்தியரின் கருவள வீதம் 1.5க்கும் கீழே இறங்கியுள்ளமையும் சேர்ந்துள்ளது. மக்கள்தொகை குறையாதிருக்க வேண்டிய வீதம் 2.1 என்பதை நோக்கினால், நகர்ப்புறத் தமிழ்ப்பள்ளிகளும் நாளடைவில் இதே சிக்கலைச் சந்திக்கும் என்பது தெளிவு.

ஆகவே பெயர்ச்சியால் நேரும் குறைவு, பிறப்பு குறைவதால் நேரும் குறைவு, பெற்றோர் தெரிவால் நேரும் குறைவு என மூன்றினையும் பிரித்தறிதல் வேண்டும். முதலாவதற்குப் பள்ளியை இடம் மாற்றுவது மருந்தாகும். இரண்டாவதற்குச் சிறுபள்ளியைச் சிறுபள்ளியாகவே சிறப்புற நடத்தக் கற்பது மருந்தாகும். மூன்றாவதற்கு மட்டுமே தரத்தை உயர்த்துவதும் பரப்புரை செய்வதும் பயன்தரும். தமிழ்ப்பள்ளியே நமது தேர்வு என்னும் முழக்கம் மூன்றாவது குறைவுக்கு ஏற்றது. மக்கள் வாழாத தோட்டத்தில் அம்முழக்கத்தைக் கேட்பதற்கு எவரும் இல்லை.

பதினைந்து: மூடிய பின் நிகழ்வது

சிறுபள்ளிகளை மூடிவிடலாம் என்போர் கூறும் காரணம் எளிதில் புறந்தள்ளத்தக்கதன்று. ஏழு பிள்ளைகளுக்கு ஒரு பள்ளியும் அதற்குரிய ஆசிரியர்களும் தேவையா, அதே பொருளைக் கொண்டு பெரிய பள்ளி ஒன்றில் சிறந்த கல்வியை அளிக்கலாமே என்று அவர்கள் வினவுகின்றனர். பிள்ளையின் நலன் நோக்கியும் இவ்வாதம் முன்வைக்கப்படுகின்றது. ஆண்டு 3இல் தனியொருவனாக அமர்ந்திருக்கும் சிறுவனுக்குச் சேர்ந்து வாசிக்கவும், போட்டியிடவும், பந்து விளையாடவும் தோழர் இல்லை. பின்னர் ஆயிரம் மாணவர் பயிலும் இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும்போது அவன் திகைக்கின்றான். இவை உண்மையான குறைகள்.

ஆயின், பள்ளி மூடப்பட்டபின் அப்பிள்ளைகள் எங்குச் செல்வர் என்பதே தீர்மானிக்கும் வினா. அருகில் மற்றொரு தமிழ்ப்பள்ளி இருப்பின் அங்குச் செல்லலாம். இல்லையேல் தேசியப் பள்ளியே வழி. 2003 முதல் தொடக்கக் கல்வி கட்டாயமாக்கப்பட்டுள்ளதால் எங்கேனும் சேர்ந்தே ஆகவேண்டும். தேசியப் பள்ளியில் தமிழைப் பாடமாகக் கற்பிக்க, குறைந்தது பதினைந்து மாணவரின் பெற்றோர் கோரியிருத்தல் வேண்டும் என்கிறது 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம். ஏழு பிள்ளைகளே உள்ளனர் என்பதற்காகப் பள்ளி மூடப்படுகின்றது. ஏழு பிள்ளைகளே வந்தனர் என்பதால், பிற தமிழ் மாணவர் அங்கு இல்லாதபோது, புதிய பள்ளியில் தமிழைக் கேட்டுப்பெறும் உரிமையும் எழுவதில்லை. ஓரெண் அவர்களை வெளியேற்றுகின்றது. மற்றோரெண் அவர்களுக்குக் கதவடைக்கின்றது. இவ்விரண்டு எண்களுக்கிடையே ஒரு பிள்ளையின் தாய்மொழிக் கல்வி முற்றுப்பெறுகின்றது. சிறுபள்ளியை மூடுவது பற்றிய எழுத்துகளுள் இவ்விரண்டு எண்களையும் அருகருகே வைத்துக் காண்பன மிகக் குறைவு.

தரம் என்பது யாது?

மாணவர் மிகக் குறைந்த பள்ளிகளில் இரண்டு ஆண்டு மாணவரை ஓர் ஆசிரியரிடம் ஒரே அறையில் அமர்த்தும் கூட்டு வகுப்பு முறை நடைமுறையில் உள்ளது. ஆண்டு 1க்குரிய எழுத்தறிமுகமும் ஆண்டு 2க்குரிய வாசிப்பும் ஒரே பாடவேளையில் நிகழவேண்டும். ஆசிரியர் ஒரு குழுவுக்கு விளக்கும்போது மறு குழு தானே இயங்குதல் வேண்டும். இதற்கு மூத்த மாணவர் இளையோர்க்குக் கற்பித்தல், தானே திருத்திக்கொள்ளும் பயிற்சி அட்டைகள், பொதுக் கருப்பொருளில் இருவேறு நிலைப் பணிகள் எனத் தனிக்கலையே உண்டு. இக்கலை தெரியாதபோது ஆசிரியர் பாடவேளையை இரண்டாகப் பிளந்து, ஒரு குழுவுக்குக் கற்பிக்கையில் மறு குழுவைப் பார்த்தெழுதுமாறு விட்டுவிடுவார். அப்போது பிள்ளைக்குக் கிடைப்பது பாதிக் கல்வியே.

இக்கலை தமிழுக்கு அயலானதன்று. ஆந்திரத்து ரிஷிவேலிப் பள்ளியினர் பல வகுப்பு மாணவர் கலந்து பயிலும் சிற்றூர்ப் பள்ளிகளுக்கென உருவாக்கிய முறையைத் தழுவி, சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் 2003இல் செயல்வழிக் கற்றலைத் தொடங்கின. 2007 முதல் அது தமிழக அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கு விரிவாக்கப்பட்டது. ஒன்று முதல் நான்கு வகுப்பு வரையிலான பிள்ளைகள் கலந்தமர்ந்து, ஏணிப்படி வரிசையில் அமைந்த அட்டைகளைக் கொண்டு தத்தம் வேகத்தில் முன்னேறினர். அம்முறை விமரிசனத்திற்கும் உள்ளாயிற்று. பின்னர்த் தமிழகத்தில் வேறு முறைகள் வந்தன. எனினும், பல்வகுப்புக் கற்பித்தலுக்கெனத் தமிழிலேயே விரிந்த அளவில் பயிற்றுப்பொருள்கள் உருவாக்கப்பட்டன என்பது மெய். பெரிய வகுப்புகளைக் கொண்ட சென்னையைவிட, ஆண்டுக்கு இருவர் மூவர் பயிலும் நம் தோட்டப்பள்ளிகளுக்கே அவ்வனுபவம் நெருக்கமானது. அதனை மலேசியப் பாடத்திட்டத்தோடு ஒப்பிட்டு ஆராய்வது பல்கலைக்கழகத் துறைகளும் ஆசிரியர் பயிற்சிக் கழகங்களும் மேற்கொள்ளத்தக்க பணியாகும்.

யு.பி.எஸ்.ஆர். இல்லாத இன்றைய நிலையில் சிறுபள்ளியின் தரத்தை மதிப்பிடக் கீழ்க்காணும் வினாக்கள் தேர்ச்சி விழுக்காட்டைவிடப் பொருத்தமானவை. மூன்றாம் ஆண்டின் இறுதியில் பிள்ளை முன்பின் அறியாத தமிழ்ப் பகுதியொன்றைப் படித்துப் பொருளுரைக்கின்றதா? புகுமுக வகுப்பையோ முதலாம் படிவத்தையோ எதிர்கொள்ளும் அளவுக்கு மலாய்மொழியில் பேசவும் எழுதவும் இயல்கின்றதா? பள்ளியோடு இணைந்த பாலர்பள்ளி உண்டா? கூட்டு வகுப்பு ஆசிரியர் அதற்கெனப் பயிற்சி பெற்றவரா? ஆறாம் ஆண்டை முடித்துச் சென்ற பிள்ளை மூன்றாண்டுகட்குப் பின் எந்நிலையில் உள்ளது? இறுதி வினாவுக்கு விடை காண்பது சிறுபள்ளிக்கே எளிது. ஆண்டுக்கு மூன்று பிள்ளைகளைப் பின்தொடர்ந்து அறிவதற்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. ஒரு குறிப்பேடே போதும்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படும் முடிவுகள் மூன்று. முதலாவது, மாணவர் எண்ணிக்கை பள்ளியின் தரத்தைக் காட்டுவதன்று. மக்கள் எங்கு வாழ்கின்றனர் என்பதையே அது காட்டுகின்றது. ஏழு பிள்ளைகளுடன் நன்றாக நடைபெறும் பள்ளியும் உண்டு. எழுநூறு பேருடன் தடுமாறும் பள்ளியும் உண்டு. இரண்டாவது, எல்லாச் சிறுபள்ளிகளுக்கும் ஒரே தீர்வு பொருந்தாது. எட்டக்கூடிய தொலைவில் மற்றொரு தமிழ்ப்பள்ளி இருந்து, போக்குவரத்துக்கு உறுதியும் இருப்பின், இணைப்பதில் தவறில்லை. தமிழர் பெருகிவரும் குடியிருப்பு அருகிலிருப்பின், பிள்ளைகள் குறைந்தொழியும் வரை காத்திராமல் உரிமத்தை முன்கூட்டியே மாற்றுதல் வேண்டும். இவ்விரண்டும் இயலாத இடத்தில் அப்பள்ளி, கடைசிப் பிள்ளை உள்ளவரை நடத்தப்படவேண்டும். அதுவும் பெரிய பள்ளியின் சிதைந்த வடிவாக அன்றி, தனக்கெனக் கற்பித்தல் முறை உடைய சிறுபள்ளியாக நடத்தப்படவேண்டும். மூன்றாவது, தேசியப் பள்ளியில் தமிழ் கற்பிக்கப் பதினைந்து பேர் வேண்டும் என்னும் வரம்பை, மூடப்பட்ட தமிழ்ப்பள்ளியினின்று வரும் பிள்ளைகளைப் பொறுத்தவரையிலேனும் தளர்த்துதல் வேண்டும். தமிழ்ப்பள்ளிகளின் எண்ணிக்கைக்காக வாதாடுவோர் இக்கோரிக்கையையும் தம் தீர்மானங்களில் சேர்ப்பது கடனாகும்.

தோட்டப்பள்ளி குறித்து இனி எழுதுவோர், எத்தனை பள்ளிகள் எஞ்சியுள்ளன என்று தொடங்காமல், எஞ்சியுள்ள ஒரு வகுப்பறையில் ஒரு பாடவேளை எவ்வாறு நடைபெறுகின்றது என்று தொடங்குவாராயின், அவ்வெழுத்து ஆய்வுக்கும் பயன்படும். அவ்வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளைக்கும் பயன்படும்.